பொய் ஸ்கேல்

நான் ஓய்வு பெற்ற அன்று கேன்டீனில் கேக் வெட்டினார்கள். வெட்டி முடித்ததும் டிசைன் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்து, "கோதண்டம் சார், முப்பத்தேழு வருஷத்துல நீங்க பண்ண பெரிய மிஸ்டேக் என்ன?" என்று கேட்டாள். "கல்யாணம் பண்ணதும்மா" என்றேன். பின்வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்ததால் சிரிப்பு இரண்டு மடங்கானது. கேள்வி அத்தோடு போயிற்று. எனக்கு மட்டும் போகவில்லை. கம்பெனி பஸ்ஸில் கடைசித் தடவையாக வீட்டுக்கு வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைபவள். உலோகம் ஆறும்போது எவ்வளவு சுருங்குமோ அந்த எண்ணை ஒரு கட்டத்தில் தட்டினால் போதும், மொத்த உருவத்தையும் மெஷினே அந்த அளவுக்குப் பெரிதாக்கிவிடும். ரொம்ப நல்ல ஏற்பாடு. பழைய காலம் மாதிரி வருமா என்று புலம்புகிற ஆள் நான் இல்லை. பழைய காலத்தில் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். அன்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்தவன், வருஷம் 1991 என்று ஆரம்பித்தால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அந்த மே மாதம் ஊரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். நான் சொல்லப்போவது அது இல்லை. அது நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, மண்ணூரில் ஒரு வீட்டுக்குள் நடந்தது. அப்போது அந்த வீட்டில் இருந்தவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை.

எங்களுடையது ஸ்டீல் ஃபவுண்டரி. வால்வு, பம்ப் பாகங்கள் வார்ப்போம். நான் வல்லக்கோட்டைப் பக்கம். ஐ.டி.ஐ.யில் மரவேலை படித்துவிட்டு பேட்டர்ன் ஷாப்பில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தேன். மூன்று வருஷம் உளி தீட்டினேன், மரத்தூள் கூட்டினேன், டீ வாங்கி வந்தேன். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

பேட்டர்ன் என்றால், வார்க்க வேண்டிய பொருளை முதலில் மரத்தில் செய்வது. அந்த மரத்தை மணலில் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழும், அதில் ஸ்டீலை உருக்கி ஊற்றுவார்கள். ஸ்டீல் ஆறும்போது நூற்றுக்கு இரண்டு சுருங்கும். அதனால் நூறு மில்லி வேண்டுமென்றால் மரத்தில் நூற்றிரண்டு இருக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? அதற்காக அந்தச் சுருக்கத்தையும் சேர்த்தே கோடு போட்ட ஸ்கேல் ஒன்று உண்டு. அதில் நூறு என்று எழுதியிருக்கும், உள்ளது நூற்றிரண்டு. எங்கள் ஷாப்பில் அதற்குப் பெயர் பொய் ஸ்கேல். கடையில் வாங்குகிற சாதாரண ஸ்கேல், மெய் ஸ்கேல். பொய் ஸ்கேலின் முனையில் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கும், இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. நாள் முழுக்க நாங்கள் புழங்குவது பொய்யைத்தான். வரைபடத்தில் ஏதாவது ஓர் அளவை அப்படியே எடுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் 'மெய்' என்று எழுதியிருப்பார்கள்.

எழுதுபவர் எங்கள் ஃபோர்மேன் அருளப்பன் சார். மண்ணூர்க்காரர், கிறிஸ்தவர். ஆறடி உயரம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் மெழுகு சாக். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை, பாராட்டியும் பார்த்ததில்லை. மத்தியானச் சங்கு பன்னிரண்டரைக்கு ஊதும். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் தன் மேசையிலிருந்து எழுந்து, ஒவ்வொரு பெஞ்சாக நடந்து வருவார். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று ஒரே கேள்விதான்.

"சொல்றதுக்கு எதனா கீதா?"

இருந்தால் சொல்லிவிட வேண்டும். அளவு தப்பிவிட்டது, மரம் பிளந்துவிட்டது, எதுவானாலும் சங்கு ஊதுவதற்குள் சொல்லிவிட்டால் அது தப்பே இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே பக்கத்தில் நின்று சரிசெய்வார். ஒரு தடவை தேவராஜ் என்று ஒருவன், பத்து நாள் வேலையான ஒரு வால்வு பேட்டர்னை மெய் ஸ்கேலில் செய்து தொலைத்துவிட்டான். சங்குக்கு ஒரு நிமிஷம் முன்னால் சொன்னான். சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மரம் நல்லா கீது. வேற சின்ன வேலைக்கு ஆவும்" என்றார். அவ்வளவுதான். மேலே போய் என்ன சொன்னாரோ, தேவராஜுக்கு ஒரு மெமோகூட வரவில்லை.

சொல்லாமல் மறைத்து அவரே கண்டுபிடித்தால்தான் வினை. அப்போதும் திட்டு கிடையாது. தப்பான இடத்தைச் சுற்றி மஞ்சள் சாக்கால் ஒரு வட்டம் போட்டு, உன் பெஞ்சின் மேல் எல்லோரும் பார்க்க வைத்துவிட்டுப் போய்விடுவார். நீயாகப் போய்ச் சொல்லும்வரை உன்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். சொன்ன பிறகு, திருத்திவிட்டு, வட்டத்தை நீதான் துடைக்க வேண்டும். வேறு யாரும் துடைக்கக் கூடாது. அந்த மௌனத்துக்கு மெமோவே தேவலை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஒரு வட்டமும் விழுந்ததில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட நான் ஸ்கேலை மாற்றி எடுத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு பக்கம் இருந்தது. சரியாக இருக்கிறது என்று ஒருவன் சொல்லிவிட்டால், அவன் வேலையை அவர் மறுபடி அளக்க மாட்டார். அளந்தால் அவன் வார்த்தைக்கு என்ன மரியாதை என்பார்.

அவருடைய மனைவி லூர்தம்மா. மண்ணூர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக் குழு அந்த அம்மாவின் கையில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருந்த ஒரு கிடாரை வாசித்துக்கொண்டு பாடுவார்கள். அவர்களுடைய காதைப் பற்றி எங்கள் ஷாப்பிலேயே பேச்சு உண்டு. ஒருநாள் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு சீட்டு அனுப்பியிருந்தார்கள்: 'சங்கு இன்னிக்கு இறங்கி ஊதுது, என்னான்னு பாக்கச் சொல்லுங்க.' எங்கள் சங்கு காற்றழுத்தத்தில் ஊதுவது. கம்ப்ரஸர் ரூமில் போய்ப் பார்த்தால் நிஜமாகவே அழுத்தம் குறைந்திருந்தது. உள்ளே நின்ற ஆப்பரேட்டருக்குத் தெரியாதது, அரை மைல் தள்ளிச் சமையலறையில் நின்ற அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. சார் அன்றைக்கு அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் பெருமை என்று ஒன்றை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அந்த அம்மாவுக்கு டி.பி. வந்தது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வேண்டியிருந்தது. வெளியில் தெரிந்தால் ஊர் ஒருமாதிரி பார்க்கும் என்று சார் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னார். தினம் ஊசி போட்டார்கள். அந்த ஊசி சிலருக்குக் காதைப் பாதிக்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டாராம். "உசுரு முக்கியம்தான? போடுங்கன்னுட்டேன்" என்றார் சார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் உளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பெய்த ஒரு மழையில் வீடு ஒழுகி, சுவரில் மாட்டியிருந்த கிடாரின் உடம்பு ஊறிப் பிரிந்துவிட்டது. கழுத்து மட்டும் தேக்கு மாதிரி நின்றது. 'அவ வர்றதுக்குள்ள புது உடம்பு செஞ்சுடணும்' என்று முடிவெடுத்தார் சார். அந்த வருஷம் ஆர்டர் மந்தம், ஓ.டி. கிடையாது. சாயந்தரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் வீட்டுப் பின்னாலிருந்த ஷெட்டில் நானும் அவருமாக வேலை செய்தோம்.

பக்கவாட்டுப் பலகைக்கு ஈட்டி மரம். யாரோ உடைத்துப் போட்ட பழைய பீரோவின் கதவு, மரவாடியிலிருந்து வாங்கி வந்தார். அதை இரண்டரை மில்லி கனத்துக்கு இழைக்கவே ஒரு வாரம் ஆயிற்று. ஈட்டி கல் மாதிரி, இழைப்புளி ஓடும்போது கீச்சென்று கத்தும். முன்பலகைக்கு, ஏதோ ஒரு கம்பெனிக்கு மெஷின் வந்த பைன் மரப்பெட்டி கிடைத்தது.

வளைப்பதுதான் வேலை. இரண்டு அங்குல இரும்புக் குழாய் ஒன்றைப் படுக்கைவசமாக வைஸில் பிடித்து, உள்ளே ப்ளோ லேம்ப் வைத்துச் சூடேற்றினோம். குழாய்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு ஓட வேண்டும், அதுதான் பதம். அரை நாள் தண்ணீரில் ஊறிய பலகையை அதன்மேல் வைத்து இரண்டு கையாலும் லேசாக அழுத்தி, முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காது. மரம் முரண்டு பிடித்துக்கொண்டு நிற்கும். கை சுடும், கண்ணில் ஆவி அடிக்கும், அழுத்தித்தான் பார்ப்போமே என்று தோன்றும். அழுத்தினால் போச்சு. முதல் பலகையை நான் அப்படித்தான் இடுப்பு வளைவில் உடைத்தேன். மறுநாள் மத்தியானம் ஷாப்பில் அவர் கேட்பதற்கு முன்பே, "வூட்ல பலகைய நான் அவசரப்பட்டு ஒட்ச்சிட்டேன் சார்" என்றேன். "பாத்தேன். இன்னொண்ணு இழைச்சிக்கலாம்" என்றார்.

இரண்டாவது பலகையை அவர் பிடித்தார். நான் ஓரத்தில் நின்று தண்ணீர் தெளித்தேன். கால் மணி நேரம் உருட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "வந்துடுச்சி" என்றார். என் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துப் பலகைமேல் வைத்தார். உள்ளே ஏதோ தளர்ந்திருந்தது. அதற்குப் பிறகு குழாயைச் சுற்றிப் பலகை தானாகப் படிந்தது. சூடு ஆறுவதற்குள் அச்சில் வைத்து இறுக்கி மூன்று நாள் விட்டோம். எடுத்தபோது கொஞ்சம் பின்வாங்கியது, அதற்கும் சேர்த்து வளைத்திருந்ததால் சரியாக வந்து நின்றது.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை வேண்டாம் என்றார். தோலிலும் எலும்பிலும் செய்கிற வஜ்ஜிரம் காய்ச்சினோம். ஒரே நாற்றம். எதற்கு சார் இந்தப் பாடு என்றேன். "வஜ்ஜிரம்னா சுடுதண்ணி பட்டா வுட்டுடும். நாளைக்கி தப்பு எதனா கீதுன்னா கழட்டலாம். வெள்ளைப் பசைல ஒட்டனா ஒட்டனதுதான்" என்றார். இதை எத்தனை ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கு இல்லை.

கடைசி வேலை, பிரிட்ஜ். கம்பிகள் வந்து முடிகிற கட்டை. அதை முன்பலகைமேல் எங்கே ஒட்டுகிறோம் என்பதில்தான் சுரம் இருக்கிறது. கழுத்தில் குறுக்கே பதித்த சின்னக் கம்பிகளின் இடம் மாறாது, அது பழைய கழுத்து. அதில் பன்னிரண்டாவது கம்பியிலிருந்து பிரிட்ஜ் எவ்வளவு தூரம் என்பதைப் பழைய உடம்பைக் கழட்டும் முன்பே சார் அளந்து, ஷெட் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: 327, மெய்.

ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது, ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகலாம் என்று. சார் விடியற்காலையில் கிளம்பிவிட்டார். "பிரிட்ஜ மட்டும் ஒட்டிடு கோதண்டம். சாவி பக்கத்து வூட்ல கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் என் டூல் பாக்ஸை சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். வஜ்ஜிரத்தைக் காய்ச்சினேன். வஜ்ஜிரம் ஆறினால் பிடிக்காது, மளமளவென்று செய்ய வேண்டும். சுவரைப் பார்த்தேன். 327. பாக்ஸைத் திறந்து கைக்கு வந்த ஸ்கேலை எடுத்து அளந்து, கோடு போட்டு, ஒட்டி, இறுக்கினேன். வேலை சுத்தமாக இருந்தது. அந்த அம்மா வந்து பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே சந்தோஷமாக சைக்கிள் மிதித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். லூர்தம்மா பாதியாக இளைத்திருந்தார்கள். அவர்களுடைய பெண் ஜெசிந்தா, எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தவள், அம்மாவை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா கிடாரின் புது உடம்பைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ அழகா நான் கண்டதே இல்லப்பா" என்று சொன்னார்கள். கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தார்கள். வாசித்தார்கள். எனக்குப் பாட்டு தெரியாது, இருந்தாலும் மயிர்க்கூச்செறிந்தது. பிறகு விரல் கழுத்தில் மேலே ஏறியதும் நிறுத்தினார்கள். மறுபடி வாசித்தார்கள். மறுபடி நிறுத்தினார்கள்.

"கீழ சரியா கீது. மேல போவப் போவ எறங்குதுங்க" என்றார்கள்.

சார் என்னைப் பார்த்தார். "எதுல வச்ச?"

"மெய்லதான் வச்சேன் சார்."

அந்த நிமிஷம் நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பன்னிரண்டு வருஷமாக மாற்றி எடுக்காதவன் இல்லையா நான்.

சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாக, "அளவு தப்பாது லூர்து. டாக்டர் சொன்னாரு இல்ல, அந்த ஊசி" என்றார்.

அந்த அம்மா இரண்டு காதையும் ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கிடாரை ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்கள்.

மறுநாள் காலை ஷாப்பில் ஏதோ எடுக்க என் டிராயரைத் திறந்தேன். உள்ளே என் மெய் ஸ்கேல் இருந்தது. நியூஸ்பேப்பரில் சுற்றி, எண்ணெய் தடவி, மழைக்காலத்துக்கு முன்னால் நானே வைத்தது. அது வீட்டுக்கே போகவில்லை. டூல் பாக்ஸில் இருந்தது ஒன்றே ஒன்று, முனையில் சிவப்புத் தேய்ந்துபோன பொய் ஸ்கேல். பன்னிரண்டு வருஷமாக என் கை எடுத்துப் பழகியதும் அதைத்தான். முன்னூற்று இருபத்தேழுக்கு நூற்றுக்கு இரண்டு. ஆறரை மில்லி. ஒரு பென்சில் கனம்.

அந்த அம்மாவின் காதில் ஒரு குறையும் இல்லை. ஆறரை மில்லியை அந்தக் காது அப்படியே கேட்டிருக்கிறது.

மணி எட்டு. சங்குக்கு நாலரை மணி நேரம் இருந்தது. சார் வரும்போது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. பதினொரு மணிக்கு எங்கள் எல்லோரையும் மானேஜர் கூப்பிட்டார். என்னை சார்ஜ்ஹேண்டாக, ஃபோர்மேனுக்கு அடுத்த இடத்தில், போடுவதாகச் சொன்னார். "உங்க ஃபோர்மேன் சிபாரிசு" என்று சாரைக் காட்டினார். சார் வாழ்க்கையில் முதல்தடவையாக நாலு பேர் முன்னால் ஒருவனைப் பாராட்டினார். "இவன் ஒருநாள்கூட ஸ்கேல் மாத்தி எடுத்தது கெடையாதுங்க" என்றார்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு என் பெஞ்சின் முன்னால் வந்து நின்றார். சொல்றதுக்கு எதனா கீதா? எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஸ்வீட் எப்போ என்று. "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். சங்கு ஊதியது.

அன்றைக்குச் சொல்லாததை மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஒரு வாரம் போனது. டாக்டரே சொன்ன ஊசிதானே, எப்படியும் காது கொஞ்சம் போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் லூர்தம்மா பாட்டுக் குழுவை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சுரம் தெரியாதவள் முன்னால் நிற்கக் கூடாது என்று சொன்னார்களாம்.

யாருக்கும் சொல்லாமல் திருத்திவிடலாம் என்று ஒரு திட்டம் போட்டேன். கழட்டத்தானே வஜ்ஜிரம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, சார் ஷாப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து, கத்தியும் மெய் ஸ்கேலுமாகப் போனேன். "பாலிஷ் கொஞ்சம் மங்குச்சாமே, எடுத்துப் போய் போட்டுட்டு வரேம்மா" என்றேன். கிடார் சுவரில் தொங்கியது. அதன்மேல் ஒரு பழைய தலையணை உறை போர்த்தியிருந்தது.

"அத எறக்காதப்பா" என்றார்கள். "பாத்தா மனசு ஒரு மாதிரி ஆவுது. உம் மேல ஒண்ணும் கொறை இல்ல. நீ தங்கமா செஞ்ச. எனக்குத்தான் காது போச்சி."

அப்போது சங்கு ஊதியது. அந்த வாரம் கம்ப்ரஸரில் கோளாறு. எனக்கே கேட்டது, குரல் கட்டியவன் மாதிரி இறங்கித்தான் ஊதியது. லூர்தம்மா தலையைத் தூக்கினார்கள். முறத்தில் அரிசியில் இருந்த கை நின்றது.

"கோதண்டம், சங்கு எறங்கியா ஊதுது? எனக்கு அப்டித்தான் கேக்குது. எங்காத நம்ப முடியலப்பா, நீ சொல்லு."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கடவுளே கொடுத்திருக்க முடியாது. ஆமாம்மா, இறங்கித்தான் ஊதுது, கம்ப்ரஸர் ரிப்பேர், உங்க காது சரியாகத்தான் இருக்கு என்று சொன்னால் போதும். கிடாரைப் பற்றிக்கூடப் பேச வேண்டாம். ஆனால் காது சரி என்று சொன்னால் அடுத்த கேள்வி கிடாருக்குத்தான் போகும். அது என் மண்டையில் மின்னல் வேகத்தில் ஓடியது.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மறுபடி அரிசி பொறுக்க ஆரம்பித்தார்கள். பிரிட்ஜைத் தப்பாக வைத்தது கை செய்த பிழை. அதை யார் வேண்டுமானாலும் மன்னிப்பார்கள். இது நான் செய்தது.

அதற்கப்புறம் நான் வளர்ந்துகொண்டே போனேன். சார் ஓய்வு பெற்றதும் அவர் மேசை எனக்கு வந்தது. நானும் மத்தியானம் பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் பெஞ்ச் பெஞ்சாக நடந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை. சும்மா நடந்துவிட்டு வருவேன்.

வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் சார் வீட்டுக்குப் போவேன். லூர்தம்மா கேக் கொடுப்பார்கள். பிறகு ஒரு வருஷம் அந்த அம்மா இல்லை. அடுத்த வருஷத்திலிருந்து சாரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. நான் கிளம்பும்போது வாசல்வரை வருவார். சைக்கிள் ஸ்டாண்டை, பிற்பாடு ஸ்கூட்டர் ஸ்டாண்டை, நான் தள்ளும்வரை காத்திருப்பார். அப்புறம் கேட்பார்.

"சொல்றதுக்கு எதனா கீதா?"

பழைய ஞாபகத்தில் விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்து, "ஒண்ணும் இல்ல சார்" என்று சிரிப்பேன். அவர் சிரித்தாரா என்று நான் கவனித்ததில்லை. இப்படி ஏழு கிறிஸ்துமஸ் போனது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் சார் போய்ச் சேர்ந்தார். முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். வீட்டை வாடகைக்கு விடப்போகிறார்கள் என்று சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா. அவளுக்கே தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. கிடாரை ஆணியிலிருந்து எடுத்தாள். தலையணை உறை நழுவிக் கீழே விழுந்தது.

பிரிட்ஜைச் சுற்றி மஞ்சள் சாக்கில் ஒரு வட்டம்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன்.

"அது இன்னா வட்டம்னே தெரியல அங்கிள்" என்றாள் ஜெசிந்தா. "அப்பா போட்டது. அம்மா போனதும் கோயிலுக்குக் குடுத்துடலாம்னு எறக்கனாரு. வாசிச்சிப் பாத்தவங்க, மேல எறங்குதுன்னு சொல்லிட்டாங்க. அப்பா அப்டியே நின்னுட்டாரு. அப்புறம் ஷெட்டுக்குப் போயி ஸ்கேல் எடுத்தாந்து அளந்தாரு. அன்னிக்கி சாப்புடல. இந்த வட்டத்தப் போட்டு மாட்டிட்டு, 'இத யாரும் தொடைக்காதீங்க, ஆளு வந்து சொல்லுவான்'னாரு. யாருப்பான்னா சொல்லல."

ஏழு வருஷம் என் பெயரைக்கூடச் சொல்லாமல் காத்திருந்திருக்கிறார்.

அங்கேயே, சாக்குமூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். டிராயர், ஆறரை மில்லி, சங்கு, எதையும் விடவில்லை. "உங்கம்மா காதுல ஒரு கோளாறும் இல்லம்மா" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு, "கோயில்ல எல்லாரும் பாடும்போது அம்மா வாய மட்டும் அசைப்பாங்க அங்கிள். சத்தம் வராது. சாவுற வரைக்கும் அப்டித்தான். பக்கத்துல நிக்கிறவங்களுக்குச் சுரம் கெட்டுப் போயிடுமாம்" என்றாள்.

பிறகு கிடாரை என் கையில் கொடுத்தாள். "நீங்களே எடுத்துனு போங்க. எங்களால இத வூட்ல வச்சிக்க முடியாது" என்றாள்.

அது நாலு வருஷமாக என் வீட்டு அலமாரியின் மேல் இருந்தது. கேன்டீனில் அந்தப் பெண் கேட்ட பிறகும் இரண்டு வருஷம் அப்படியே கிடந்தது. போன வாரம்தான் இறக்கினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து, துணியை நனைத்துப் பிரிட்ஜைச் சுற்றி வைத்து, மெல்லிய கத்தியை உள்ளே விட்டேன். வஜ்ஜிரம் அவர் சொன்னபடி விட்டுக்கொடுத்தது. மொத்தம் இருபது நிமிஷம். மெய் ஸ்கேலை வைத்து 327-ல் கோடு போட்டு மறுபடி ஒட்டினேன். பழைய இடத்தில் ஆறரை மில்லி அகலத்துக்கு மரம் வெளுத்துத் தெரிந்தது. சாக் வட்டம் சுற்றிலும் அப்படியே இருந்தது.

திருத்திவிட்டேன், இனி துடைக்க வேண்டியது நான்தான். துணியைக் கையில் எடுத்துக்கொண்டு மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபத்தைந்து. அந்த நேரத்துக்கு என் பெஞ்சின் முன்னால் வந்து நிற்கிறவர், அன்றைக்கும் அதே கேள்வியோடு வந்து நின்ற மாதிரிதான் இருந்தது. துணியைக் கீழே வைத்தேன்.

"கீது சார்" என்றேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி, "யாராண்ட பேசிகினு கீற?" என்று கேட்டாள்.